மல்டிக்கு மட்டும் ஏன் சலுகை?

போன வாரம் ஒரு பிரிட்ஜ் சீட்டாட்ட ஜோடிப் போட்டியில் எதிரணியினர், சீட்டு இறக்கும் முன் நடக்கும் ஏலத்தை இரண்டு டைமண்ட் என்று திறந்தார்கள். ஏலத்துக்குத் தனிப் பொருள் உண்டு என்று எச்சரிக்கும் அலர்ட் அட்டை வந்தது. பொருள் கேட்டேன். "ஆறு ஹார்ட் அல்லது ஆறு ஸ்பேட், பலம் குறைவு" என்று ஒளிவுமறைவில்லாமல் பதில் வந்தது. பிரிட்ஜ் ஆடுபவர்கள் 'மல்டி' என்று சொல்லும் ஏலம் இது. என்னிடம் 15 புள்ளி (உயர்ந்த சீட்டுகளை வைத்துக் கணக்கிடும் பலம்), சமமாகப் பிரிந்த கை. டபுள் சொன்னேன். எதிரணி ஏலத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் சொல் அது, பார்ட்னருக்குச் செய்தி சொல்லவும் பயன்படும். நான் சொன்னது 'நல்ல கை இருக்கிறது' என்பதற்காக. என் பார்ட்னர் 'டைமண்ட் இருக்கிறது' என்று புரிந்துகொண்டார். கடைசியில் இருவர் கையிலும் சேர்ந்து ஆறே டைமண்டை வைத்துக்கொண்டு டைமண்ட் துருப்பில் ஆடி முடித்தோம்.

எதிரில் இருந்தவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அனுமதிக்கப்பட்ட ஏலத்தைச் சொன்னார்கள், கேட்டதும் விளக்கினார்கள். என் கோபமெல்லாம் விதியை எழுதுகிறவர்கள் மீதுதான்.

வழக்கத்துக்கு மாறான ஏலங்களைப் பற்றிய வாக்குவாதத்தில் எப்போதும் ஒரு தவறான கேள்வியே முதலில் எழுகிறது: 'இது சொன்ன இனத்தையே காட்டும் இயல்பான ஏலமா, வேறு பொருள் தரும் செயற்கையானதா?' இந்த ஆட்டம் பிறந்ததே செயற்கை ஏலத்தோடுதான். 1925இல் ஒரு கப்பல் பயணத்தின்போது கான்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் கொடுத்த ஹெரால்டு வாண்டர்பில்ட், தானே ஒரு கிளாவர் என்பதைப் பலமான கையின் அடையாளமாக்கிய முறையையும் உருவாக்கினார். பார்ட்னரின் நோ ட்ரம்ப் (துருப்பில்லாத) ஏலத்துக்கு மறுமொழியாக வரும் 'ஸ்டேமன்' என்ற இரண்டு கிளாவருக்கும் கையில் உள்ள கிளாவருக்கும் சம்பந்தமே இல்லை. அதை யாரும் எதிர்ப்பதில்லை. நான்கு நோ ட்ரம்ப் சொல்லி ஏஸ் கேட்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

நாம் கேட்க வேண்டியது வேறு: எதிரி இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஒருவர் இரண்டு ஹார்ட் என்று சொல்லி ஆறு ஹார்ட்டையும் குறைந்த பலத்தையும் காட்டினால், என் டபுளுக்குப் பொருள் தெளிவு: மற்ற மூன்று இனங்களும் என்னிடம் உண்டு, நீ ஒன்றைத் தேர்ந்தெடு. மூன்று ஹார்ட் என்று அவர்கள் இனத்தையே நான் சொன்னால் அது பெரிய கையின் அழைப்பு. நம் தற்காப்பு முழுவதும் எதிரி பெயர் சொன்ன இனத்தின் மேல் கட்டப்பட்டது. மல்டியில் அந்த இனம் எதுவென்றே தெரியாது. டபுள் எந்த இனத்துக்கு எதிரானது? உடனே பேசுவதா, ஒரு சுற்று பாஸ் (ஏலம் கேட்காமல் விடுவது) சொல்லிக் காத்திருந்து பேசுவதா? இதையெல்லாம் பார்ட்னரோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். மேசையில் கேட்டுப் பெறும் விளக்கம் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது. ஏலத்தின் பொருளை மட்டும் சொல்லிவிட்டால் எதிரிக்கு நியாயம் செய்தாகிவிட்டது என்ற எண்ணத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

உலக பிரிட்ஜ் சம்மேளனம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. போலந்தில் வளர்ந்த 'ஸ்ட்ராங் பாஸ்' முறைகளை நினைத்துப் பாருங்கள். அதில் பாஸ் சொன்னால் ஏலத்தைத் திறக்கும் பலம் இருக்கிறது என்று பொருள். 0 முதல் 7 புள்ளி வரை உள்ள வெறுங்கைக்காரர் வாய் திறந்து எதையாவது ஏலம் கேட்டாக வேண்டும். துணிச்சலான, அழகான சிந்தனை அது. சம்மேளனம் இவற்றை 'மிக அசாதாரண முறைகள்' என்று தனியே வகைப்படுத்தி நீண்ட அணி ஆட்டங்களில் மட்டும் இடம் கொடுக்கிறது. முன்கூட்டியே விவரக் குறிப்பைத் தந்துவிட வேண்டும். யார் எதிரே யார் உட்காருவது என்று தீர்மானிக்கும் உரிமையும் எதிரணிக்குப் போய்விடும். இரண்டாவது வகை 'பிரவுன் ஸ்டிக்கர்' ஏலங்கள்: இரண்டு கிளாவர் முதல் மூன்று ஸ்பேட் வரையிலான திறப்பு, பலம் குறைவாக இருக்கலாம், ஆனால் தெரிந்த ஓர் இனத்தில் நான்கு சீட்டாவது இருக்கிறது என்ற உறுதி இல்லை. இவற்றுக்கு எதிரான தற்காப்பை எழுதிக் கொண்டுவந்து மேசையிலேயே பார்த்துக்கொள்ளலாம். நினைவாற்றலைச் சோதிக்கும் ஆட்டத்தில் இது எவ்வளவு பெரிய சலுகை! அதைக் கொடுத்தவர்களுக்கு உண்மையான சிக்கல் எதுவென்று தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே விதியில் ஒரு விலக்கு. இரண்டு கிளாவர் அல்லது இரண்டு டைமண்ட் சொல்லி ஏதோ ஒரு மேஜரில் (ஹார்ட் அல்லது ஸ்பேட்) பலவீனக் கையைக் காட்டினால் அது பிரவுன் ஸ்டிக்கர் ஆகாது. அதாவது மல்டி தப்பித்துவிடுகிறது. இலக்கணப்படி அது பிரவுன் ஸ்டிக்கரேதான். நிறையப் பேர் ஆடுகிறார்கள், பழகிவிட்டது என்பதைத் தவிர இந்த விலக்குக்கு என்ன காரணம் இருக்க முடியும்? இங்கிலாந்தில் சாதாரண மன்றங்களில்கூட மல்டி சகஜம். வட அமெரிக்காவில் நெடுங்காலம் கட்டுப்பாடு. அங்கே 2018 நவம்பரில் எந்த ஏலம் செல்லும் என்று சொல்லும் பழைய பட்டியல்களை எடுத்துவிட்டு அடிப்படை முதல் திறந்த நிலை வரை நான்கு புதிய பட்டியல்கள் கொண்டுவந்தார்கள். ஒரே ஏலம் ஓரிடத்தில் பால்பாடம், இன்னோரிடத்தில் அபாயம்.

பழக்கம்தான் அளவுகோல் என்றால் புதிதாக யோசிப்பவன் எப்போதும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்பான். அவன் கண்டுபிடித்தது மல்டியைவிட எளிதாக இருந்தாலும் சரி.

என் நிலைப்பாடு இதுதான். நீண்ட அணி ஆட்டங்களில் எல்லாவற்றையும் அனுமதியுங்கள், ஸ்ட்ராங் பாஸ் உட்பட. ஆனால் தற்காப்பை எழுதும் உழைப்பு அந்த முறையை ஆடுகிறவருடையதாக இருக்கட்டும். நன்றாக எழுதியிருக்கிறாரா என்று போட்டிக் குழு படித்துப் பார்க்கட்டும். ஒரு ஜோடியோடு இரண்டே போர்டு (சீட்டுப் பங்கீடு) ஆடி எழுந்து போகும் போட்டிகளில் ஒரே விதி போதும்: பலவீனக் கையோடு திறந்தால் ஒரு தெரிந்த இனம் இருக்க வேண்டும். யாருக்கும் விலக்கு வேண்டாம். ஒரு போர்டுக்கு ஏழெட்டு நிமிடமே கிடைக்கும் இடத்தில் யாரும் தற்காப்பை உட்கார்ந்து உருவாக்க முடியாது.

'வலுவானவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே தடை போடுகிறார்கள்' என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு போர்டு ஆட்டத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. பல வருடம் சேர்ந்து ஆடும் ஜோடிகளுக்கு மல்டிக்கு எதிராகப் பக்கம் பக்கமாகக் குறிப்பு இருக்கும். அன்று காலை சேர்ந்து உட்கார்ந்த ஜோடிதான் அடி வாங்கும். இன்னும் சிலர் இதோடு 'சைக்' எனப்படும் ஏலத்தையும் சேர்த்துக் குழப்புகிறார்கள். முன்னேற்பாடு இல்லாமல், பார்ட்னரையும் சேர்த்து ஏமாற்றுகிற பொய் ஏலம் அது. ஆட்ட விதியே அதற்கு இடம் தருகிறது. ஒரே ஆள் அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்ட்னர் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால்தான் அது எதிரணிக்குச் சொல்லாத உடன்பாடாகிறது. அது தனி விவகாரம், தனிப் பதிவு வேண்டும்.

நானும் ஆறு வருடமாக மல்டி ஆடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஏலம். நேற்று இரவு பார்ட்னரோடு பேசி, ஜோடிப் போட்டிகளுக்கான எங்கள் ஏல முறைகளைக் குறித்துவைக்கும் கன்வென்ஷன் கார்டிலிருந்து அதை எடுத்துவிட்டோம். இனி எங்கள் இரண்டு டைமண்டில் ஆறு டைமண்ட் இருக்கும். அணி ஆட்டங்களில் தொடர்வோம். அதற்கு எதிராக எப்படி ஆடலாம் என்ற ஒரு பக்கக் குறிப்பை எழுதி முடித்திருக்கிறேன், முதல் போர்டுக்கு முன்பே எதிரணியின் கையில் கொடுத்துவிடுவோம். குறிப்பில் ஓட்டை தெரிந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.