தக்காளியின் அடி கறுத்தால் எப்சம் உப்பு மருந்தல்ல

"தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுதா? செடிக்கு ஒரு ஸ்பூன் எப்சம் உப்பு போடுங்க, கால்சியம் கிடைச்சுடும்" என்று மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அதிலேயே போட்டிருக்கும். அதில் கால்சியம் துளியும் இல்லை. மக்னீசியம் மிகுந்தால் வேர் கால்சியத்தை எடுப்பதும் குறையும், அழுகல் கூடத்தான் செய்யும்.

பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், காய்க்குத்தான் போய்ச் சேராது. தண்ணீரோடுதான் அது செடிக்குள் ஏறுகிறது. வெயிலில் செடி வைத்த பை காய்ந்து, மண் அதன் ஓரத்தை விட்டு விலகி நிற்கும். அப்புறம் ஒரேயடியாக ஊற்றுவோம். அங்கேதான் கோளாறு. தினமும் சீராக நீர் விடுங்கள், காய்ந்த இலையால் மண்ணை மூடி மூடாக்குப் போடுங்கள். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். முட்டை ஓட்டுத்தூள்? கால்சியத்துக்கு நல்லதுதான், ஆனால் மட்க மாதக்கணக்காகும்.

சந்தேகமிருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், மண்ணையும் பரிசோதிக்கலாம். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதைச் சொல்லிவிடுங்கள்.