கோயில் எண்ணெய்க் கணக்கும் நிழற்குடைக் கணக்கும்

போன வாரம் எங்கள் ஊர் நகரச் சிவன் கோயிலில் வருடக் கணக்கு வாசித்தார்கள். விளக்குக்கு எண்ணெய் வாங்கிய வகையில் நாற்பது ரூபாய் இடித்தது. நாற்பதே ரூபாய். அதற்கு முக்கால் மணி நேரம் சண்டை. கோயில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் பில்லைத் தேடி ஓடுகிறார், சென்னையிலிருந்து வந்திருந்த பங்காளி ஒருவர் ரயிலுக்கு நேரமாச்சு என்று "அத நான் போட்டுடுறேன், விடுங்க" என்கிறார், உடனே ஒரு பெரியவர் எழுந்து "நீங்க பையிலேர்ந்து போட்டாக் கணக்கு நேராயிருமா? காசு எங்க போச்சுன்னுதான கேக்குறோம்" என்றாரே பார்க்கணும். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: நகரத்தார் (செட்டியார்) எங்களில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வரி. வரி கொடுத்த எல்லாப் புள்ளிக்கும் கணக்குக் கேட்க வாய் உண்டு.

கடைசியில் பில் கிடைத்தது, சூடத்தோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். சரி, அது முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் ஊர் நிழற்குடை. திறந்து இரண்டு வருடம் ஆகிறது. எஃகுக் கம்பி, வழுவழுப்பான தரை, உட்கார நாலு பேருக்கு இடம், மேலே பத்தடிக்குப் பலகை. அதில் சட்டமன்ற உறுப்பினர் பெயர் பூசணிக்காய் அளவில், 'தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து' என்பது கடுகளவில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அதன் கீழே நிழல் இருக்காது, பலகையின் நிழல் பின்னாலிருக்கும் சாக்கடைமேல் விழும். சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு இந்த நிதி வருடத்துக்கு 3 கோடி, 234 தொகுதிக்கும் சேர்த்து 702 கோடி. அவர் வீட்டுப் பெட்டகத்திலிருந்து ஒரு ரூபாயும் கிடையாது. ஆனால் பெயர் அவருடையது. தேர்தல் அறிவித்தால் நடத்தை விதி என்று அந்தப் பெயர்மேல் பழைய பேப்பர் ஒட்டி மறைப்பார்கள், முடிந்ததும் கிழிப்பார்கள். ஒட்டுவதற்கும் நம் காசு, கிழிப்பதற்கும் நம் காசு. இதில் எந்தக் கட்சியும் வித்தியாசம் இல்லை, பெயின்ட் கலர் மட்டும் மாறும்.

இதற்கு எவ்வளவு ஆச்சு என்று பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முப்பது நாளில் பதில் தரணும் என்பது சட்டம். ஐம்பதாவது நாள் வந்தது: 'தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது.' நாலு பேர் உட்காரும் ஒரு நிழற்குடைக்கு என்னத்தைத் தொகுக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆனால் நம்மிடம் வாங்கும்போது கணக்கு சுத்தமாக இருக்கும். 2022-ல் சொத்து வரியைக் கூட்டினார்களே, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம். எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பும் வளவும் (உள்முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். ஏழு பங்காளிக்குப் பொதுவான வீடு, ஆறு பேர் வெளியூர், பாதி அறையில் வௌவால். வரி மட்டும் இரட்டிப்பு. நான் முதலில் கட்டிவிட்டு வாட்ஸ்அப் குழுவில் பங்குப் பணம் கேட்டுக் கெஞ்ச வேண்டும், அது வேறு அவமானம்.

2021 ஆகஸ்டில், புதிதாக வந்த தி.மு.க. ஆட்சியின் நிதித்துறை ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றார்கள். முந்தைய ஆட்சியின் லட்சணம் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். 2025-26 பட்ஜெட்டில் கடன் 9.29 லட்சம் கோடியைத் தாண்டும் என்று அவர்களே போட்டார்கள். சுமார் 2.2 கோடி ரேஷன் கார்டுக்கு வகுத்துப் பார்த்தேன், தலைக்கட்டுக்கு நாலு லட்சத்துச் சொச்சம். இப்போது யார் லட்சணத்தைப் பார்ப்பது?

கடன் வாங்கியதைக் குற்றம் சொல்லவில்லை. கடன் இல்லாத வியாபாரம் எங்கள் ஐயாக்கள் காலத்திலும் இல்லை. பர்மாவில் இருந்த வட்டிக்கடையிலிருந்து ஐந்தொகை (வரவு, கடன், சொத்து எல்லாம் காட்டும் கணக்கு) வரும், ஒரு பக்கம் கடன் என்றால் எதிர்ப்பக்கம் அது நிலமாக இருக்கிறதா, சரக்காக இருக்கிறதா, வராக்கடனா என்று தெரிந்துவிடும். (அந்த நிலம் எந்த பர்மா விவசாயியிடமிருந்து வந்தது என்பதற்கு அதில் பத்தி இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.) அரசாங்கக் கடனுக்கு எதிர்ப்பக்கத்தை யாராவது நமக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்களா? 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கு அதில் மிச்சமாகும் காசு மகன் டியூஷனுக்குப் போகிறது. அதை வீண் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். நான் கேட்பது பலகைக் காசை.

பஸ் என்றதும் சங்கம் ஞாபகம் வருகிறது. என்னோடு படித்தவன் கண்டக்டர். "ஆட்சி மாறுனா மொதல்ல சங்கத்த மாத்தணும் மாப்ளே, அப்புறந்தான் சட்டைய மாத்தணும்" என்பான். ஆளுங்கட்சிச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தால் ஓ.டி. (வேறு பணியில் இருப்பதாக) என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நிழலில் உட்காரலாம், இல்லாதவனுக்கு விடிகாலை டிரிப். 2018 ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் எட்டு நாள் பஸ் இல்லாமல் தவித்தோமே, அப்போது தி.மு.க.வின் தொழிற்சங்கமான தொ.மு.ச. போராட்டத்தில், அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை பஸ்ஸில். 2024 ஜனவரியில், அதே பொங்கலுக்கு முன்னால், பேரவை போராட்டத்தில், தொ.மு.ச. பஸ்ஸில். ஓய்வு பெற்றவர்களின் பாக்கி இரண்டு தடவையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. அதே வெள்ளை அறிக்கைக் கணக்குப்படி அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் நஷ்டம் 59 ரூபாய் 15 காசு. காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் ஐயாயிரம் போச்சு. அதைக் குறைக்க வழி கேட்டு எந்தச் சங்கமாவது பந்தல் போட்டு நான் பார்த்ததில்லை.

சங்கமே வேண்டாம் என்று யாரும் கமென்டில் வராதீர்கள். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்காரர்களுக்காக வ.உ.சி. நின்றதும், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் அதன் தலைவர் பி.பி. வாடியாவோடு திரு.வி.க. நின்றதும் எனக்குத் தெரியும். அன்றைக்குச் சங்கத்துக்கு முதலாளி எதிரே இருந்தான். இன்றைக்கு பஸ்ஸுக்கு அரசாங்கம்தான் முதலாளி, அந்த முதலாளியின் கட்சி ஆபீஸ் மாடியிலேயே சங்கம் இருக்கிறது, யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது?

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த நிழற்குடையில் பஸ் நிற்காது. டிரைவர்கள் காலங்காலமாக நிறுத்துவது அறுபது அடி தள்ளி, ஊருணிக் கரை வேப்பமரத்தடியில். எல்லோரும் அங்கேதான் நிற்கிறோம். நேற்று நானும் அங்கேதான் நின்றேன். நிழற்குடைக்குள் ஒரு ஆடு படுத்திருந்தது.