சிங்கர் மட்டும்தான் தையல் மிஷினா?

பழைய தையல் மிஷின் சேர்க்கிறேன் என்று சொன்னதுமே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சிங்கரா?" சிங்கரும் வைத்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சேகரிப்பவர்களே அதோடு நின்றுவிடுவதுதான் எனக்கு ஆதங்கம்.

ஐசக் சிங்கர் தையல் மிஷினைக் கண்டுபிடித்தவரே இல்லை. நுனியில் காது வைத்த ஊசியும், அடிநூலைக் கொண்டுபோகும் ஷட்டிலும் சேர்ந்து இரண்டு நூலைப் பின்னுகிற முறைக்கு எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், சிங்கர் வாங்கியது 1851-ல். ஹோவ் வழக்குப் போட்டு ஜெயித்து சிங்கரிடமே ராயல்டி வசூலித்தார். அப்புறம் எப்படி சிங்கர் பெயர் மட்டும் நிலைத்தது? கம்பெனியின் பங்காளியான வக்கீல் எட்வர்ட் கிளார்க் 1856-ல் தவணைக்கு விற்க ஆரம்பித்தாரே, அதுதான் என்பேன். இரும்பை விடக் கணக்குப் புத்தகம் செய்த வேலை அது.

மற்ற கம்பெனிகளின் பூர்வீகத்தைக் கிண்டினால் இன்னும் சுவாரசியம். ஜெர்மனியில் ஃபாஃப் என்பவர் பித்தளை ஊதுவாத்தியம் செய்துகொண்டிருந்தவர், 1862-ல் முதல் தையல் மிஷினைச் செய்தார். அதே ஆண்டு இன்னோர் ஊரில் தையல் மிஷினோடு கடை விரித்தவர் ஆடம் ஓப்பல். ஆமாம், கார் ஓப்பல்தான். ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா 1689-லிருந்து துப்பாக்கி செய்த இடம். ஜப்பானிய ஜனோமே என்றால் பாம்புக்கண், அடிநூல் சுற்றி வைக்கும் வட்ட பாபினைப் பார்த்து வந்த பெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரெமிங்டன். அதுவும் துப்பாக்கிக் கம்பெனிதான். அவர்களுடைய தையல் மிஷின் பிரிவில் டைப்ரைட்டர் செய்யச் சொன்னார்கள். 1874-ல் விற்பனைக்கு வந்தபோது அதன் உடம்பெல்லாம் பூ வரைந்திருந்தது, அடுத்த வரிக்குப் போகக் காலால் மிதிக்க வேண்டும். கை பழகிய வேலை விடுமா!

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் மிஷினை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அழுக்கு வருகிறது என்று நினைத்துத் தேய்க்கத் தேய்க்க, துணியில் வந்ததெல்லாம் தங்கநிறப் பூக்கள். மேலே இருந்தது அரக்குப் பூச்சு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இப்போதெல்லாம் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பழைய பருத்தித் துணி, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் கேள்விப்படாத பெயரோடு ஒன்று கிடந்தால், காலை மட்டும் மேசையாக்கிக்கொண்டு தலையைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். முதலில் அந்தப் பெயரைப் படம் எடுத்துப் போடுங்கள், துடைப்பதை அப்புறம் பார்க்கலாம்.