ஒன்றே முக்கால் ஏக்கர் யுத்தம்

(காங்கேயத்துக்கும் அறச்சலூருக்கும் நடுவே ஒரு தோட்டத்து வீடு. ஆசாரத்தில் ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை, அதன்மேல் தெர்மாகோல், பெவிகால், பெயிண்ட் டப்பாக்கள். பேரனுக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் பாதி நாள் அப்புச்சி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக ஆபீசில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.)

அப்புச்சி: கண்ணு, வாசலில் கிடந்த நார் மிதியடி எங்கே? உன் அம்முச்சி சேற்றுக் காலோடு அங்கேயே நிற்கிறாள்.

பேரன்: அது இனிமேல் மிதியடி இல்லைங்க அப்புச்சி. சோளக்காடு.

அப்புச்சி: என்னது?

பேரன்: இங்கே பாருங்க. துண்டு துண்டாக வெட்டி, நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை பெயிண்ட் தொட்டால் கதிர் பிடித்த சோளம். வெளிநாட்டில் இதையே கோதுமைக்காடு என்று வைக்கிறார்கள்.

அப்புச்சி: சோளம் போட்டு நட்டப்பட்டவனைப் பார்த்திருக்கிறேன். விதைக்கும்போதே முந்நூறு ரூபாய் மிதியடியைத் தொலைத்தவன் நீ ஒருத்தன்தான். என்ன இதெல்லாம்? நவராத்திரிக் கொலுவுக்குத்தானே?

பேரன்: போர் விளையாட்டுங்க. இந்தச் சின்னச் சின்ன ஆட்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடாவால் அளந்து அளந்து நகர்த்திச் சண்டை போடுவது. இது 1804, அறச்சலூர். தீரன் சின்னமலைக்கும் வெள்ளைக்காரக் கும்பினிக்கும் நடந்த சண்டை.

அப்புச்சி: பொண்ணு பார்க்க வருகிறவர்கள் கேட்டால், மாப்பிள்ளை பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று சொல்லட்டுமா?

பேரன்: ராஜாவே விளையாடியிருக்கிறார். பிரஷ்யா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்று ஒருவர், 1812ல் ராஜாவுக்கு இதற்கென்றே ஒரு மேஜை செய்து கொடுத்தார். மலை, ஆறு, ஊர் எல்லாம் தனித்தனித் துண்டு. வேண்டியபடி மாற்றி மாற்றி அடுக்கலாம். பிற்பாடு அவர் மகன் 1824ல் விதிகளைச் சீராக்கிக் கொடுத்ததும், ராணுவ அதிகாரிகளுக்கே அது பயிற்சி ஆகிவிட்டது.

அப்புச்சி: ராஜாவுக்கு வேறு வேலை இல்லை, சரி. உனக்கு ஆபீஸ் இருக்கிறதே? (பலகையைச் சுற்றி வருகிறார். நிலத்தைப் பார்க்கப் போனாலும் இப்படித்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.) இது எத்தனை ஏக்கர்?

பேரன்: ஏக்கரா? ஆள் 28 மில்லிமீட்டர். நிஜ ஆளில் ஏறக்குறைய 56ல் ஒரு பங்கு. ஆறடி என்பது 336 அடி, நாலடி 224 அடி...

அப்புச்சி: 173 சென்ட். ஒன்றே முக்கால் ஏக்கர், கொஞ்சம் குறையும். ஏண்டா, நம் தொண்டுப்பட்டிக்குப் பக்கத்துக் காட்டின் அளவுகூட இல்லை. இதிலேயே கரட்டுக் குன்று, பள்ளம், சோளக்காடு, இட்டேரி, இரண்டு பட்டாளமா?

பேரன்: அது ஆளுக்கான அளவுங்க. தூரத்துக்கு வேறு கணக்கு. இந்த ஆட்டத்தில் துப்பாக்கி இரண்டடி சுடும்.

அப்புச்சி: இரண்டடி என்றால் 112 அடி. சோளக்காட்டில் குருவி விரட்ட நான் கவணில் விட்ட கல்லே அதைத் தாண்டிப் போகும்.

பேரன்: நிஜத் துப்பாக்கி முந்நூறு அடி வரைக்கும் ஓரளவு குறி தப்பாமல் அடிக்கும். அதை அப்படியே வைத்தால், இந்தக் கோடியில் நிற்பவன் அந்தக் கோடியில் நிற்பவனைச் சுட்டுவிடுவான். நடக்கவே வேண்டாம், ஆட்டம் முடிந்துவிடும். அதனால் ஆள் பெரிதாக இருப்பான், தூரத்தைச் சுருக்கி வைப்பார்கள்.

அப்புச்சி: சைட் விற்கிறவன், ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்பானே, அந்த மாதிரி.

பேரன்: அதேதானுங்க.

அப்புச்சி: (தரையைத் தொட்டு) மண் நம் மண்தானே இது?

பேரன்: ஆமாங்க, கிணற்று மேட்டில் எடுத்துச் சலித்தது. அப்படியே ஒட்டினால் புழு பூச்சி வரும், பூசணம் பிடிக்கும் என்று நன்றாக வறுத்து...

அப்புச்சி: எதில் வறுத்தாய்?

பேரன்: ...

அப்புச்சி: எதில் வறுத்தாய் என்று கேட்டேன்.

பேரன்: வடைச்சட்டியில்.

அப்புச்சி: நேற்று அவரைக்காய்ப் பொரியல் நறநறவென்று இருந்ததே! காயைச் சரியாகக் கழுவவில்லை என்று பாவம் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவள் பதிலுக்கு என் பல்லைக் குறை சொன்னாள். ராத்திரி பூராவும் பேச்சே இல்லை. (குரலைத் தாழ்த்தி) இதை அவளிடம் சொல்லிவிடாதே. இப்போதுதான் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

பேரன்: சரிங்க. அந்தப் பெவிகால் தண்ணீரைக் கொஞ்சம் எடுங்க. பாதிக்குப் பாதி தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு.

அப்புச்சி: சோப்பு எதற்கு என்று சொல்லாதே, எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு உருண்டு மேலேயே நிற்கும். வேப்பெண்ணெய் அடிக்கும்போது காதி சோப்பைக் கரைத்து ஊற்றுகிறோமே, எதற்கு? இதெல்லாம் சொல்லிக்கொடுக்க பிரஷ்யாவில் இருந்து ஆள் வரவேண்டுமா? (குனிந்து பார்க்கிறார்.) கரடு ஏன் படிக்கட்டாக இருக்கிறது?

பேரன்: சரிவாகச் செய்தால் பார்க்க அழகுங்க. ஆனால் ஆட்களை நிறுத்த முடியாது, உருண்டு விழுவார்கள். அதனால் தெர்மாகோலை அடுக்கடுக்காக ஒட்டி, ஓரத்தை மட்டும் கிள்ளிக் கிள்ளிப் பாறை மாதிரி ஆக்குவது.

அப்புச்சி: ஓரத்தில் ஒரு பக்கமாவது சரிவு விடு. ஆடு எப்படி ஏறும்? ஆடு ஏறாத கரடு எங்கேயடா இருக்கிறது? அப்புறம் இந்தப் பள்ளத்தில் பளபளவென்று என்ன?

பேரன்: தண்ணீர். வார்னிஷ் நாலு பூச்சு.

அப்புச்சி: எந்த மாதம்?

பேரன்: கோடை என்று வைத்திருக்கிறேன்.

அப்புச்சி: கோடையில் பள்ளத்தில் தண்ணீர் ஓடினால் நான் ஏன் ஆயிரம் அடி போர் போடுகிறேன்? மணலைக் கொட்டு. வார்னிஷ் காசு மிச்சம். இந்தப் பச்சைப் புல்லையும் எடு. காங்கேயத்துக் காடு இப்படியா இருக்கும்? கொழுக்கட்டைப்புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கும், நடுவில் நாலு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கோடையில் கிளுவையில் இலையே இருக்காது. நீ என்னடா என்றால் கொழுகொழுவென்று வைத்திருக்கிறாய்.

பேரன்: அது பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ங்க. இங்கிலாந்துக்காரர்கள் வேலிக்கு அதைத்தான் பிய்த்து ஒட்டுகிறார்கள்.

அப்புச்சி: அவன் ஊரில் மழை பெய்கிறது, வைத்துக்கொள்கிறான். பொடக்காளியில் காய்ந்த துளசிச் செடி கிடக்கிறது. வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டால் மொட்டைக் கிளுவை. (போய் எடுத்தே வந்துவிடுகிறார். வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி, ஒடித்து, வரிசையாக நிறுத்துகிறார்.) இப்போது பார். ஒரு வெள்ளாடு நுழையுமா?

பேரன்: (சற்று வாயடைத்து) நுழையாதுங்க. ஆனால் பலகையோடு சேர்த்து ஒட்டிவிடாதீங்க. தனித்தனிப் பட்டையில் ஒட்டினால்தான் அடுத்த ஆட்டத்துக்கு வேலியை வேறு இடத்துக்கு நகர்த்தலாம்.

அப்புச்சி: நகர்த்துகிற வேலியா? அதைத்தானே வடக்குத் தோட்டத்துப் பங்காளி செய்தான்! வருஷத்துக்கு அரையடி. கேட்டால், கிளுவை தானாகக் கிளை விட்டு வந்துவிட்டது என்கிறான். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்த அன்றைக்கு மட்டும் அவனுக்கு வயிற்றுவலி.

பேரன்: அது வேறு அப்புச்சி...

அப்புச்சி: வேலியோ வரப்போ, எல்லாப் பொழியும் ஒன்றுதான். (சட்டென்று நின்று) ஏய், இது என்ன? மாடா?

பேரன்: பொம்மைக் கடையில் வாங்கினது. அளவு சரியாக இருந்தது.

அப்புச்சி: கறுப்பும் வெள்ளையும்! எச்.எப். என்கிற சீமை மாடு! சின்னமலை என்ன பால் சொசைட்டிக்கா ஊற்றினார்? 1804ல், அறச்சலூரில், எச்.எப். மாடு! வெள்ளைக்காரன் இதைப் பார்த்திருந்தால் சண்டையே போட்டிருக்க மாட்டான், ஊருக்கே வந்துவிட்டோம் என்று கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பான்.

பேரன்: பெயிண்ட் அடித்து மாற்றிவிடலாமுங்க. எம்-சீல் இருக்கிறது, திமில் வைத்துவிடலாம்.

அப்புச்சி: கொடு இங்கே. காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுப்பு, மற்றதெல்லாம் சாம்பல். கன்று செவலை. ஆறு மாதம் போனால்தான் அதற்கு நிறம் மாறும்.

(கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டாணி அளவு எம்-சீலை உருட்டுகிறார். பத்து நிமிடம் ஆசாரத்தில் சத்தமே இல்லை. கொம்புக்குத் தென்னை ஈர்க்கின் நுனியை அவர் வளைத்துச் செருகியதைப் பார்த்து, பேரன் மெல்லப் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறான்.)

பேரன்: இப்போது அடர் சாம்பல் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் வெளிர் சாம்பல். பிரஷ்ஷில் பெயிண்டைத் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, சும்மா மேலாகத் தடவுங்க. மேடான இடத்தில் மட்டும் ஒட்டும், பள்ளத்தில் இருட்டு நிற்கும்.

அப்புச்சி: தொட்டதைத் துடைத்துவிட்டு அடிப்பதா? நம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவனும் இதைத்தான் செய்தான். அவனைப் போய்த் திட்டிவிட்டேனே. (தடவிப் பார்க்கிறார்.) அட, விலா எலும்பு தெரிகிறது! கோடை மாடு! சரி, கரட்டுக்கு டிராக்டருக்கு அடித்தது போக ஒரு ஸ்பிரே டப்பா மிச்சம் இருக்கிறது, ஒரே நிமிடத்தில்...

பேரன்: ஐயோ, வேண்டாமுங்க! அது பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். கரடு குழியாகிவிடும்!

அப்புச்சி: குழியானால் கல்குவாரி என்று வைத்துக்கொள். இந்தப் பக்கம் கரடெல்லாம் கடைசியில் அதுதான் ஆகிறது. (டப்பாவைக் கீழே வைக்கிறார்.) சரி, எப்போது ஆட்டம்? நான் சின்னமலை, நீ கும்பினி.

பேரன்: நான் மாட்டேனுங்க.

அப்புச்சி: உன் சிநேகிதப் பசங்க?

பேரன்: நாலு பேரையும் கேட்டுவிட்டேன். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலையில் சின்னமலை மணிமண்டபத்துக்குப் போகிறவர்கள். அவரைச் சங்ககிரியில் தூக்கில் போட்டவன் பக்கம் நின்று பகடை உருட்டுவோமா என்கிறார்கள். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, பித்தான்கூட ஒவ்வொன்றாக வைத்தேன். கும்பினிப் பட்டாளம் அத்தனை பேரும் தளபதி இல்லாமல் டப்பாவில் கிடக்கிறார்கள்.

அப்புச்சி: (கொஞ்ச நேரம் தாடையைத் தடவுகிறார்.) வடக்குத் தோட்டத்துக்காரனைக் கூப்பிடு.

பேரன்: பங்காளியையா? உங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லையே!

அப்புச்சி: பேச வேண்டியதில்லை, பகடை உருட்டினால் போதும். கும்பினிக்கு இந்த ஊரில் அவனைவிடப் பொருத்தமான ஆள் ஏது?

பேரன்: வருவாருங்களா?

அப்புச்சி: நிலம் என்று சொல், வந்துவிடுவான். ஒன்றே முக்கால் ஏக்கர் என்று சொல், ஓடியே வருவான்.

பேரன்: அப்படியென்றால் நாளைக்கே வரச் சொல்லட்டுங்களா?

அப்புச்சி: இரு, இரு. இந்தக் கிளுவை வேலியைப் பலகையோடு சேர்த்து ஒட்டினால் காய எவ்வளவு நேரம் ஆகும்?

பேரன்: ஒரு ராத்திரி. ஆனால் நான்தான் சொன்னேனே, வேலியை நகர்த்த முடியாது...

அப்புச்சி: இரண்டு ராத்திரி காயட்டும். அப்புறம் கூப்பிடு.