பாய் தைக்கும் கடை

(மும்பை, தாராவி. தையல் கடைக்குள் நீலத் தார்ப்பாய்ச் சுருளோடு முருகன் நுழைகிறான்.)

அண்ணாச்சி: கூரை ஒழுகுதா தம்பி?

முருகன்: இல்லை அண்ணாச்சி. என் கயாக்குக்கு, அதான் துடுப்பு போடுகிற சின்னப் படகுக்கு, பாய் தைக்கணும்.

அண்ணாச்சி: படுத்துக்கொண்டே போகப்போகிறாயா?

முருகன்: காற்றில் ஓட்டுகிற பாய்! 4 சதுர மீட்டர் வேண்டும்.

அண்ணாச்சி: கயாக் எவ்வளவு அகலம்?

முருகன்: இரண்டரை அடி.

அண்ணாச்சி: அதற்கு 4 மீட்டரா? முதல் காற்றிலேயே குப்புறத் தள்ளிவிடும். 1 சதுர மீட்டர் தைக்கிறேன், அதுவே அதிகம். பக்கத்தில் பலகை இறக்குவாயா?

முருகன்: எதற்கு?

அண்ணாச்சி: பக்கக் காற்றில் நண்டு மாதிரிப் போகாமலிருக்க. எங்கள் ஐயா மணப்பாட்டில் கட்டுமரம் ஓட்டியவர். கட்டுமரம்... வெள்ளைக்காரன் அந்தப் பேரை எடுத்துப்போய் இரட்டை உடம்புப் படகுக்கு வைத்துவிட்டான். கேட்டமரானாம்! பேருக்காவது காசு கொடுத்தானா?

முருகன்: நானும் இரண்டு பக்கமும் பிவிசி குழாயை அடைத்துக் கட்டிவிடவா?

அண்ணாச்சி: அது புத்தி. எங்கே போவதாக உத்தேசம்?

முருகன்: கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபென்டா தீவு. 10 கிலோமீட்டர்தான். மத்தியானம் மேற்கே இருந்து கடற்காற்று வரும், சும்மா தள்ளிக்கொண்டு போய்விடும்.

அண்ணாச்சி: சரி. திரும்பி வர?

முருகன்: ...

அண்ணாச்சி: அதே காற்று மூஞ்சியில் அடிக்கும். பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்புதான். எங்கள் ஊரில் விடியற்காலை நிலக்காற்றில் போய், பகலில் கடற்காற்றில் திரும்புவார்கள். நீ அதைத் தலைகீழாகச் செய்கிறாய்.

முருகன்: அப்போ பாய்க் கயிற்றை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு...

அண்ணாச்சி: ஐயையோ! கயிறு கையில்தான் இருக்கணும். காற்று ஓங்கினால் விட்டுவிடணும். பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், நீ பிழைத்துக்கொள்வாய். நீச்சல் தெரியுமா?

முருகன்: லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே.

அண்ணாச்சி: (டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு) தார்ப்பாயை வைத்துவிட்டுப் போ. அட்வான்ஸ் 300.

முருகன்: ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா?

அண்ணாச்சி: தீபாவளிக்கு 40 பிளவுஸ் கிடக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் உன் பாய்.

முருகன்: தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாசம்! அதுவரை நான் என்ன செய்ய?

அண்ணாச்சி: நீச்சல்.