மயிரிழை எழுத்தைத் தடிமனாக்க வேண்டாம்

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சாகிக் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்ததும் மனசு விட்டுப் போயிற்று. தக்கலையில் டிசைன் வேலை செய்கிறேன், அதன் முகப்பு நான் செய்தது. "திருமண அழைப்பிதழ்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் மயிரிழை கனத்தில் ஓடுகிற ஒரு அலங்கார ஃபாண்டில் வைத்திருந்தேன். ழகரத்தின் வால் கீழே இறங்கிச் சுருளும், தி, பி இரண்டின் மேல்விலங்கும் தேவைக்கு மேல் நீண்டு பக்கத்து எழுத்தைத் தொடப் போகும், கொஞ்சம் கிறுக்குத்தனமான எழுத்துதான், ஆனால் அத்தனை அழகு. அச்சகத்தில் எழுத்து தெரியாமல் போகும் என்று பயந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுத்தைச் சுற்றிலும் ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, போட்டுத் தடிமனாக்கிவிட்டார்கள். ணகரத்தின் மூன்று சுழியும் மை அடைத்துத் திட்டாகிக் கிடக்கிறது.

மெல்லிய கோடு நம் எழுத்துக்குப் புதுசா என்ன? பனையோலையில் எழுத்தாணி கீறியது ஒரே கனத்தில் ஓடும் மெல்லிய கோடுதானே, அதன் மேல் கரியைத் தடவித்தான் படித்தார்கள். எங்கள் குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, வட்டெழுத்து என்றால் தமிழின் பழைய எழுத்துமுறை, ஒரு தடவை ஏறிப் பாருங்கள், பாறையில் வெட்டியதும் ஒற்றைக் கோடுதான். ண, ஞ, ழ, ஐ மாதிரி சுழியும் வளைவுமாக இருக்கிற எழுத்துகளுக்கு உள்ளே காற்றோட்டம் வேண்டும். கனம் ஏற ஏற அந்த இடம்தான் முதலில் அடைபடும்.

ஆனால் இந்த ஃபாண்டை எங்கே வைக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. கோட்டின் கனம் எழுத்தளவில் நூறில் இரண்டு பங்கு என்று வையுங்கள். 10 பாயிண்டில் அது 0.07 மில்லிமீட்டர், அச்சில் நிற்காது. அதையே 100 பாயிண்டில் வைத்தால் 0.7 மில்லிமீட்டர், 0.7 லெட் போட்ட பென்சிலின் கோடு, யாருக்கும் தெளிவாகத் தெரியும். அதனால் தலைப்புக்கு மட்டும், பெரிதாக, சுற்றிலும் வெறும் இடம் விட்டு. முகூர்த்த நேரம், மண்டபம், போன் நம்பர் எல்லாம் தாத்தா பாட்டி படிக்க வேண்டியவை, அவற்றுக்குச் சாதாரண ஃபாண்ட் போதும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ்ஸில் போகிறவர் பார்க்கிற பிளக்ஸுக்கும் இது வேண்டவே வேண்டாம், அங்கே தடித்த எழுத்துதான் சரி.

அப்புறம் நிறம். மெல்லிய கோட்டை நாலு கலர் கலந்து அடித்தால், ஒரு கலரின் அச்சுத் தகடு (பிளேட்) இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும், ஒரே மையில் அடியுங்கள். அடர்ந்த மெரூன் மேல் வெள்ளை எழுத்து கேட்கிறவர்கள் நிறைய, அதில் மை பரவி இரண்டு பக்கமும் கோட்டைத் தின்றுவிடுகிறது.

அச்சகத்து அண்ணன்மாரே, ஃபைலைத் திறந்ததும் கோடு மெல்லிசாகப் பட்டால் ஒரு போன் போடுங்கள். ராத்திரி பத்து மணியானாலும் அளவைக் கூட்டியோ நிறத்தை மாற்றியோ உடனே அனுப்புகிறேன்.