கழுத்தில் கத்தி, கையில் வீட்டோ

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடிதிருத்தும் கடை. கத்தியோடு நிற்பவர் புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த முருகேசன். நாற்காலியில், கன்னம் நிறைய நுரையோடு, லோரி ஓட்டும் குமார்.)

முருகேசன்: அண்ணே, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் எங்கள் இந்தியாவுக்கு நிரந்தர இடம் வரப்போகிறதாம்!

குமார்: இதை எங்கப்பா காலத்திலேயே சொன்னார்கள் லா. நீ வேலையைப் பார்.

முருகேசன்: இந்தத் தடவை உறுதி. அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன், நாலு பேரும் ஆதரவு சொல்லியாச்சு.

குமார்: அங்கே நிரந்தரமாக உட்கார்ந்திருப்பது ஐந்து பேர். ஐந்தாவது ஆள்?

முருகேசன்: சீனா... யோசிக்கிறது.

குமார்: யோசிக்கட்டும். 193 நாடுகளில் 129 கை தூக்க வேண்டும். அப்புறம் அதே அளவு நாடுகள் ஊருக்குப் போய்ச் சட்டப்படி ஒப்புதல் தர வேண்டும். அதில் அந்த ஐவரில் ஒருத்தர் விட்டுப்போனாலும் போச்சு. ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் வேறு உங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். பாகிஸ்தானும் இத்தாலியும் அந்த வரிசையே கூடாது என்கிறார்கள்.

முருகேசன்: இத்தாலிக்கு என்ன வயிற்றெரிச்சல்?

குமார்: ஜெர்மனி உள்ளே போய்விட்டால் தான் மட்டும் வெளியே நிற்பதா என்றுதான்.

முருகேசன்: (கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்து) ஆக, இந்தியாவுக்குக் கிடைக்காது என்கிறீர்கள்?

குமார்: நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 140 கோடி ஜனம்! எட்டு முறை தற்காலிக உறுப்பினர்! கொடுக்காமல் எங்கே போவார்கள்? கத்தியை எடு தம்பி.

முருகேசன்: (எடுக்கிறார்) ம்.

குமார்: இப்போது சொல்கிறேன். கஷ்டம்தான்.

முருகேசன்: உங்கள் மலேசியாவுக்கு ஆசையே இல்லையா?

குமார்: தற்காலிக உறுப்பினராக நாலு முறை போனோம். ரெண்டு வருடம் முடிந்தால் எழுந்து வரவேண்டும், உடனே மறுபடி நிற்கவும் முடியாது. கடைசியாக 2015, 2016. எங்கள் மலேசிய விமானம் எம்எச்17ஐச் சுட்டு 298 பேர் செத்தார்களே, அதை விசாரிக்கத் தீர்ப்பாயம் வேண்டும் என்று நாங்கள் கொண்டுபோன தீர்மானத்துக்கு 15 பேரில் 11 பேர் ஆதரவு. எதிர்த்தது ஒரே ஒரு கை. முடிந்தது கதை.

முருகேசன்: யார் கை?

குமார்: ரஷ்யா. நிரந்தர ஐவரில் ஒருத்தர் எதிர்த்தாலே தீர்மானம் செத்தது. அதற்குப் பெயர்தான் வீட்டோ.

(நுரை காய்கிறது.)

முருகேசன்: எங்களுக்கும் அந்த வீட்டோ வரும், பாருங்கள்.

குமார்: 'இடம் கொடுங்கள், வீட்டோவை 15 வருடம் தொடமாட்டோம்' என்று 2005 தீர்மான வரைவில் நீங்களும் ஜப்பான், ஜெர்மனி, பிரேசிலும் சேர்ந்துதானே எழுதினீர்கள்?

முருகேசன்: கடையை எடுத்துக்கொள், கத்தியைத் தொடாதே என்கிற மாதிரியா?

குமார்: தொடாமல் இருந்தால் என் கழுத்துக்கு நல்லதுதான். ஆமாம், நிரந்தரம் நிரந்தரம் என்கிறாயே, உன் பெர்மிட் எப்போது முடிகிறது?

முருகேசன்: (குரல் இறங்கி) மார்ச்சில். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

குமார்: முதலாளி என்ன சொல்கிறார்?

முருகேசன்: யோசிக்கிறார்.

குமார்: சரி, கண்ணாடியைக் காட்டு. அடப்பாவி, ஒரு கிருதா மேலே, ஒரு கிருதா கீழே!

முருகேசன்: சீர்திருத்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது அண்ணே.

குமார்: நியூயார்க்கில் ஐ.நா.வில் அது 2009இலிருந்து நடக்கிறது. நான் அரை மணி நேரத்தில் லோரி எடுக்க வேண்டும்!